பக்கத்து வீட்டு மல்லிகை

அக்கா,

உங்கள் படத்துக்குப் போடச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்று காலை ஒரு மல்லிகைச் சரம் தந்துவிட்டுப் போனாள். வாங்கி மேசையில் வைத்தேன். வீடு முழுக்க மணக்கிறது. நீங்கள் ஜேர்மனியில் கண்ணை மூடி இன்னும் முப்பத்தோராம் நாள் காரியம்கூட முடியவில்லை. இப்போது போய் இதைக் கேட்பது சரியில்லைத்தான். ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு எதற்காக மல்லிகை?

அம்மா பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்த வருடம் அது. எங்களில் ஒருத்தியைத்தான் தன்னால் கூப்பிட முடியும், மற்றவள் அம்மாவோடு நிற்கட்டும் என்று ஜேர்மனி மாமா சொல்லிவிட்டார். தன் தலையில் பழி விழாமல் இருக்க அப்பா, "பூக்கட்டிப் பாப்பம்" என்றார். வெள்ளைப் பூ எடுப்பவள் போவாள். சிவப்பு எடுப்பவள் நிற்பாள். பூப் பிடுங்கப் போனது நீங்கள். சிவப்புக்குச் செவ்வரத்தை, சரி. வெள்ளைக்கு எங்கள் முற்றத்திலேயே நந்தியாவட்டை இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது. அதில் அவ்வளவாக மணமும் இல்லை.

"அவசரத்திலை கைக்கு எட்டினதைப் பிடுங்கினனான்" என்று பிறகு சொன்னீர்கள். பக்கத்து வீட்டு வேலி மல்லிகை எட்டுமாம், எங்கள் முற்றம் எட்டாதாம்!

அப்பா இரண்டையும் வாழையிலையில் தனித்தனியாகப் பொதிந்து சாமிப் படத்தடியில் வைத்து, மூத்தவளை முதலில் எடுக்கச் சொன்னார். நீங்கள் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றினீர்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் எவ்வளவு தூரம்? பிறகு, "கை நடுங்குது அப்பா" என்று அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தீர்கள். பிரித்தால் மல்லிகை. எனக்கோ அன்று நல்ல தடிமன். மூக்கடைத்துக் கண்ணால் நீர் வழிய நின்றேன். அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து மானிப்பாய்ச் சந்தைக்குப் போனாலும் இதே கதைதான். "உன்ரை அக்கா குடுத்துவைச்சவள். உனக்குத்தான் பாவம், அந்தப் பலன் இல்லாமப் போச்சு."

அம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் வந்தபோது நேரேயே கேட்டேன்.

"மணந்து பாத்தே எடுத்தனீங்கள்?"

"உனக்கென்ன விசரே? எல்லாம் விதியடி."

சிரித்தீர்கள். பிறகு ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டீர்கள். முகம் கழுவப் போயிருக்கலாம். ஆனால் நான் அப்படி லேசில் நம்புகிறவள் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு சீலையையும், இது எதற்கு ஈடு என்று யோசித்துக்கொண்டுதான் உடுத்தேன்.

பூக்கட்டிய அந்தக் கிழமைதான் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பிக்க இடம் கிடைத்திருந்தது. அம்மாவை விட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. "நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் பூப் பிடுங்க இறங்கிவிட்டீர்கள். நானாக விரும்பித்தான் நின்றேன் என்று இப்போது சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? எனக்குப் பிடித்த வாழ்க்கையையே ஊர் என் துரதிர்ஷ்டம் என்கிறது. கேட்கக் கேட்க, சில நாளில் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் களவாக எடுத்ததை நான் கையில் தூக்கித் தரத்தானே நின்றேன், அக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.