குளவி கொட்டிய நாளில் பாடிய கல்யாணப் பாட்டு

அக்கா, இன்று காலையில் தேயிலை மலைக்கு நீ கட்டிப்போன படங்கை எடுத்து இடுப்பில் கட்டினேன். மழையில் ஊறி அடுப்புப் புகையில் காய்ந்த அந்தச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பார்த்தாள். "பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் கூப்பிட்டுருவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கொழும்பிலிருந்து இசை நாடகக் குழு ஒன்று பாட ஆள் தேடிக் கொட்டகலைக்கு வந்தபோது எனக்குத் துணையாகத்தான் நீ வந்தாய். வந்தவளையும் பாடச் சொன்னார்கள். பாடினாய். அவர்கள் நம் இரண்டு பேரையும்தான் குழுவுக்குக் கேட்டார்கள். திரும்பி நடக்கும் வழியிலேயே நீ முடிவு செய்துவிட்டாய்.

"அம்மாவுக்கு முட்டி போயிருச்சு. யாராவது ஒருத்தி தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியலன்னா நாம குடியிருக்குற காம்பராவ விடச் சொல்லிருவாங்க. நீ போ. எனக்கு மேடைன்னா காலு நடுங்கும்."

உனக்கா கால் நடுங்கும்? கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடுங்கி மூன்று பாட்டுப் பாடியவள் நீ. பொய் என்று தெரிந்தும் நான் மறுக்கவில்லை. என் குரல்தான் உசத்தி என்று பிறகு நானே நம்பிக்கொண்டேன். அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

கொழும்பில் முதல் இரண்டு வருடம் கூட்டத்தோடு பின்னால் நின்று பாடினேன். என் தோட்டத்துப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், பேச்சை மாற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு வரி, ஒரு பாட்டு, ஒரு சின்ன வேடம். கடைசியில் கதாநாயகி வேடம் கிடைத்ததும் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாய். பக்கத்து நிரையில் நின்ற எல்லோருக்கும் கத்திச் சொன்னாய், எனக்குக் கேட்டது.

முதல் காட்சி மாலை நான்கு மணிக்கு. இரண்டு மணிக்கு, முகத்தில் பாதி ஒப்பனையோடு இருக்கும்போது அம்மா பேசினாள்.

"அக்காவ குளவி கொட்டிருச்சு. லொறியில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீ வா."

"நாடகம் இருக்கும்மா. முடிஞ்சதும் வாறேன்."

போன வருடமும் உன்னைக் குளவி கொட்டியதே. வீங்கிய முகத்தைப் படம் எடுத்து அனுப்பி, "வில்லி வேசத்துக்கு நான் ரெடி" என்றாயே. அதைத்தான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அன்று போல் நான் ஒருநாளும் பாடியதில்லை, அக்கா. மணப்பெண்ணாகப் பட்டுடுத்தி அந்தக் கல்யாணப் பாட்டை எடுத்தபோது சபையே சேர்ந்து கை தட்டியது. உன் நினைப்பே எனக்கு வரவில்லை. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நாடகம் முடிந்து போனைத் திறந்தபோது நீ இல்லை.

ஆறரை மணிக்கு உன் உயிர் போனதாம். அழைப்பு வந்ததும் கிளம்பியிருந்தால், அந்தப் பாட்டைப் பாடிய நேரத்தில் பஸ் கினிகத்தேனையைத் தாண்டியிருக்கும். ஆறு மணிக்கு உன் கட்டில் பக்கத்தில் நின்றிருப்பேன். இதை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் அரை மணி நேரம் மிச்சம் வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். "ரெண்டு தடவ கேட்டா, 'தங்கச்சி வந்துட்டாளா'ன்னு. வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லி வச்சேன்."

காம்பராவுக்காக இப்போது நான் பேர் பதிந்திருக்கிறேன். குழுவிலிருந்து சில நாள் கூப்பிட்டார்கள். நான் எடுக்கவில்லை. என் வேடத்தை இன்னொரு பெண் செய்கிறாளாம், செய்யட்டும்.

நீ விழுந்த அதே மலையில்தான் இன்று நிரை கொடுத்தார்கள். மழையில் விரல் விறைத்துப்போயிருந்தது. பக்கத்து நிரைக்காரி ஒருத்தி, "நாடகத்துல பாடுனவதானே, ஒரு பாட்டு எடு புள்ள" என்றாள். அவள் எதையும் நினைத்துக் கேட்கவில்லை.

எனக்கு எத்தனை பாட்டுத் தெரியும்! ஒன்றும் வரவில்லை. அந்தக் கல்யாணப் பாட்டு மட்டும் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, சுருதி பிசகாமல், தொண்டைக்குள் ஓடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்து எடுக்கிறேன், அக்கா. அது நிற்கவே மாட்டேன் என்கிறது.