உங்கள் கையெழுத்துக்கு விட்ட இடம்

தாராவி, 9-7-1967

மச்சானுக்கு ஸலாம்.

உங்களைச் சிறைக்குக் கொண்டுபோன பிறகும் நம் சந்தில் உங்கள் பேச்சு ஓயவில்லை. தகரத்தில் மழை விழுந்தால்கூட நீங்கள் மைக்கில் முழங்குவதுபோலவே கேட்கிறது. ஒரு கனவு கண்டேன். தோல் கிடங்கில் எல்லோரும் வாயைத் திறக்கிறார்கள். அத்தனை வாயிலிருந்தும் உங்கள் குரல். என் வாயிலிருந்தும்தான். பயமாக இல்லை, மிதப்பதுபோல் சுகமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், தோலுக்கு உப்புத் தட்டும் மெஹராஜை மேடையேற்றினார்கள். நீங்கள் சிறையிலிருந்து எழுதி அனுப்பிய பேச்சை மனப்பாடமாகச் சொன்னாள். "வரலாற்றின் சக்கரம்" வரை வந்தவள் நின்றுவிட்டாள். பிறகு, "எங்களுக்கு மொதல்ல ஒரு கக்கூசு வேணும். இருட்டுத வரைக்கும் அடக்கிக்கிட்டுதான் வேலை பாக்கோம்" என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கம் ஒருத்தி அழுதாள்.

இதை உங்களிடம் நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "அதெல்லாம் சின்ன விஷயம் புள்ள, பொறவு பாப்போம்" என்றீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல, முதலாளிக்கான மகஜரில் பன்னிரண்டு கோரிக்கைகளையும் எழுதியது என் கை. கக்கூசை நானும்தான் விட்டுவிட்டேன்.

நேற்று அந்த மகஜரைப் புதிதாக எழுதினேன். கக்கூசுதான் முதல் கோரிக்கை. கீழே தலைவர் கையெழுத்துக்கு வழக்கம்போல் இடம் விட்டிருந்தேன். வாசித்துக் காட்டியதும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அங்கே கைநாட்டு வைத்தார்கள். நாற்பத்தொரு பேர்.

உங்களுக்கு இடம் மிஞ்சவில்லை, மச்சான்.

இதுவரை உங்கள் பேச்சை எழுதிக்கொண்டிருந்தவள்