முயலின் இடது கை

மதுரை
8-12-1937

அன்புள்ள தோழிக்கு,

என் மகள் இருக்கும் இடம் தெரியாது என்று ஈஸ்டருக்கு எழுதியிருந்தாய். நம்பினேன்.

நேற்று நூருல் அமீன் பாய் கடைக்குக் கம்பளி நூல் வாங்கப் போனேன். அங்கே பஞ்சடைத்த பின்னல் முயல் ஒன்று நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தது. அதே நிறத்தில் நூல் வேண்டும் என்று கொட்டாம்பட்டி டீச்சரம்மா ஒருவர் விட்டுப் போனதாம்.

"அவங்க தூக்கிட்டு வந்த புள்ளைக்கும் இதே சட்டைதாம்மா. மூக்கு அப்படியே உங்க மூக்கு."

"மூக்கை விட்டுட்டு நூலை நிறுங்க, பாய்" என்றேன். நானே சேர்த்துவிடுகிறேன் என்று முயலை வாங்கி வந்தேன்.

சட்டையின் இடது கை இரண்டு வரிசை நீளம். கான்வென்டில் இதற்காகத்தானே சிஸ்டர் உன் விரலில் அடிப்பார்? இத்தனை வயதாகியும் நீ வரிசையை எண்ணுவதில்லை.

என் மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லைதான். அதற்காக நீயும் அவளோடு சேர்ந்து என்னிடம் மறைப்பாயா? குழந்தை பிறந்ததைக்கூடவா?

முயலின் சட்டைக் கையைப் பிரித்துச் சரியாகப் பின்னிவிட்டேன். குழந்தையின் சட்டையிலும் அதே தவறு இருக்கும். அதைக் கழற்றி அனுப்பாதே. போட்டபடியே குழந்தையோடு அனுப்பு.

தூக்கி வர அதன் அம்மாதான் வேண்டுமென்றால், வரட்டும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி