பாதியும் மூன்றில் ஒரு பங்கும்

ஜூலை 4

என் ரேடியோவுக்கு,

உன் அண்ணன் நலம், நான் நலம், சமையலறைக் குழாய் மட்டும் நலமில்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் உனக்கு ஆபீஸ் குரல் வந்துவிடுகிறது. போன வாரம் என்னிடமே "கண்டிப்பா மேடம், நோட் பண்ணிக்கிறேன் மேடம்" என்றாய். கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்து ஓயாமல் பேசி ரேடியோ என்று பெயர் வாங்கியவள் நீ. எப்போதும் கையில் சுண்ணாம்புத் தூளோடு திரிகிறேன் என்று எனக்குச் சாக்பீஸ் என்று பெயர் வைத்து, பிறகு உன் அண்ணனுக்கே என்னைக் கட்டிவைத்து, நாத்தனாராகவும் ஆகிவிட்டாய். உன்னிடமிருந்து எனக்கு மேடம் பட்டம் வேண்டாம். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் ஒரே டிஜிட்டல் பாடத்தளம் வாங்கப் போகிறார்கள். எதை வாங்குவது என்று முடிவு செய்யத் தலைமையாசிரியை ஒரு குழு போட்டிருக்கிறார். கணக்குக்கு நான். கடைசிச் சுற்றில் இரண்டு தளங்கள் நிற்கின்றன. ஒன்று உன் கம்பெனியுடையது. அதன் விற்பனைப் பிரிவில் இருப்பவள் என் நாத்தனார் என்று குழுவிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

உங்கள் ஆள் வந்து டெமோ காட்டினார். பளபளவென்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். படம் ஓடுகிறது, பாட்டு வருகிறது, சரியான பதிலுக்கு நட்சத்திரம் கொட்டுகிறது. ஆனால் நேரம் முடிந்ததும் பாடம் தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. "ஒரு பிள்ளைக்குப் புரியலைன்னா எப்படி நிறுத்துறது?" என்று கேட்டேன். "யாருக்குப் புரியலைன்னு சாயங்காலம் உங்களுக்கு மெயில் வந்துடும் மேடம்" என்கிறார். பிள்ளை கை தூக்கியது காலையில். சாயங்காலம் மெயில் வந்து நான் என்ன செய்ய?

இன்னொரு தளம் பார்க்க அழுமூஞ்சியாக இருக்கிறது. ஆனால் தொட்டால் நிற்கிறது, பின்னால் போகிறது, நெட் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. நான் தயாரித்த பாடத்தை நானே அதில் போட்டுக்கொள்ளலாம்.

என் பாடம் எப்படி என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வகுப்பிலும் வேண்டுமென்றே போர்டில் ஒரு தப்பு போடுவேன். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டேன். பிள்ளைகள் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார்கள். "கண்டுபிடிச்சாச்சு மிஸ்!" என்று அவர்கள் கத்தும்போது பக்கத்து வகுப்பு அறிவியல் சார் சுவரைத் தட்டுவார். உங்கள் தளத்தில் என் தப்பை எங்கே போடுவது? யோசித்துப் பதில் எழுது. நாத்தனார் என்று முகதாட்சண்யம் பார்க்க மாட்டேன்.

கொஞ்சம் கோபமும் நிறைய அன்புமாக,
சாக்பீஸ்

ஜூலை 11

அண்ணியாரே,

உன் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். எதிரே இருந்த மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குழாய்க்கு அண்ணனை நம்பாதே. அவன் கை வைத்தால் சுவரையும் சேர்த்து இடிக்க வேண்டியிருக்கும். ஆள் கூப்பிடு.

நான் டீச்சர் வேலையை விட்டு ஓடிவந்தவள் என்று நீ சொல்லாமல் சொல்கிறாய். ஆமாம், ஓடித்தான் வந்தேன். தொண்டை கட்டி, கால் வீங்கி, உட்காரக் கூட இடமில்லாத ஒரு வகுப்பறையை விட்டு ஓடிவந்தேன். கணக்கு டீச்சரே இல்லாத பள்ளிகள் எவ்வளவு இருக்கின்றன தெரியுமா? அங்கே ஒரு ஸ்கிரீன் போய் நிற்பது தப்பா? உன்னைப் போல எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சாக்பீஸ் கிடைத்துவிடுமா?

இன்னொன்று கேள். போன வருஷம் கேமரா கொண்டுவந்து உன் வகுப்பைப் படம் பிடித்தோமே, பின்னக் கூட்டல், அதுதான் எங்கள் கணக்குப் பாடங்களில் அதிகம் பேர் பார்ப்பது. வெட்டி ஒட்டி அழகாகச் சுருக்கியிருக்கிறார்களாம். என் முகத்தை நானே பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தாயே, இன்னும் பார்க்கவில்லைதானே?

மனசைத் திறந்து சொல்கிறேன். உங்கள் பள்ளி சரி என்றால் உங்கள் நிர்வாகத்தின் மற்ற பள்ளிகளும் வரும். வந்தால் மண்டலத் தலைவி நாற்காலி எனக்கு. எவ்வளவு காலமாக அதைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒரு ஓட்டு போடேன்டி. நிறுத்தும் பட்டன்தானே வேண்டும்? கெஞ்சிக் கூத்தாடியாவது வாங்கித் தருகிறேன்.

உன்னை நம்பியிருக்கும்,
ரேடியோ

ஜூலை 20

ரேடியோ,

இன்றைக்குக் கிண்டல் இல்லை.

என் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வேறு ஊரிலிருந்து வந்தவள், கணீரென்ற குரல். பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னேன். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். வகுப்பே சிரித்தது. அவள் அசரவில்லை.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் மிஸ்."

"நானா?"

"ஆமா மிஸ். எங்க பழைய ஸ்கூல் ஸ்கிரீன்ல நீங்கதான் வருவீங்க. இப்படித்தான் எழுதுவீங்க. எழுதிட்டு சபாஷ்னு சொல்வீங்க."

மதியம் கம்ப்யூட்டர் அறைக்குப் போய், உங்கள் ஆள் டெமோவுக்குக் கொடுத்திருந்த லாகினில் அந்த வீடியோவைப் பார்த்தேன். போர்டில் தப்பை எழுதுகிறேன். அடுத்து என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், நீயும் அங்கே இருந்தாய். முன் வரிசைப் பெண் எழுந்து, "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியை விடக் குறையுமா மிஸ்?" என்று கேட்டாள். எல்லோரும் கத்தினார்கள். அவளே போர்டுக்கு வந்து, ஆறில் மூன்று, ஆறில் இரண்டு, மொத்தம் ஆறில் ஐந்து என்று போட்டுக் காட்டினாள். அவளுக்குத்தான் நான் சபாஷ் சொன்னேன். அதெல்லாம் வீடியோவில் காணோம். தப்பை எழுதுகிறேன், திரும்புகிறேன், பல்லைக் காட்டிக்கொண்டு சபாஷ் என்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எத்தனை பிள்ளைகள் இதைப் பார்த்துப் பரீட்சையில் எழுதினார்களோ! உடனே அதை எடுக்கச் சொல். பார்த்த பள்ளிகளுக்கெல்லாம் என்ன நடந்தது என்று சொல்லச் சொல். பட்டன் கதையெல்லாம் அப்புறம்.

சாக்பீஸ்

ஜூலை 26

அண்ணி,

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கடைசிவரை படி.

பிள்ளைகளின் முகமும் குரலும் வரக்கூடாது என்பது எங்கள் விதி. பெற்றோர் அனுமதி, வக்கீல் என்று ஆயிரம் தலைவலி. அதனால் எடிட்டர் பிள்ளைகள் வந்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டார். அவருக்குக் கணக்குத் தெரியாது. டீச்சர் சபாஷ் சொல்கிறார், அப்படியென்றால் விடை சரி என்று நினைத்துவிட்டார்.

மேலிடத்தில் பேசினேன். வீடியோவை எடுத்துவிட்டார்கள். பள்ளிகளுக்கு ஒரு அறிவிப்பும் போகும். அதில் "பாடம் நடத்திய ஆசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை" என்று போடப் போகிறார்கள். உன் பெயர் வராது. பார்த்தவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நீ சம்மதித்தால் போதும்.

அப்புறம், உங்கள் குழு கூடி முடிவெடுக்கும்வரை இதைப் பற்றி மூச்சு விடாதே. இப்போது வெளியே வந்தால் நாற்காலி போகட்டும், இருக்கிற ஸ்டூலும் போய்விடும் எனக்கு. உனக்கும் நல்லதா? சக ஆசிரியர்கள் முன்னால் பெரிய ஸ்கிரீனில் உன் தப்பு ஓடினால் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணனிடம் தூது போகச் சொன்னேன். "நீயே பேசிக்கோ, எனக்கு மூணு வேளை சாப்பாடு வேணும்" என்று நழுவிவிட்டான்.

"சரி" என்று ஒரு வார்த்தை எழுது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ரேடியோ

ஆகஸ்ட் 3

ரேடியோ,

அந்த ஒரு வார்த்தையை எழுத மாட்டேன்.

நேற்றுக் கூட்டம் முடிந்தது. உங்கள் ஆள் உன்னிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் என் வாயால் நீ கேட்க வேண்டும். அவர் ஆரம்பிப்பதற்கு முன்பே, "என் பாடத்தை முதல்ல போடுங்க" என்றேன். தளத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்றார். கம்ப்யூட்டர் அறையில் நான் பார்த்த அன்றே அதை என் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன்.

பெரிய ஸ்கிரீனில் நான். ஐந்தில் இரண்டு. சபாஷ். அறிவியல் சார் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். நீ சொன்னது சரிதான், காது மடல் வரை சுட்டது. சிரித்து முடியட்டும் என்று நின்றேன். விளையாட்டு சார் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், எனக்கு இதுல தப்பே தெரியலையே" என்றார் பாவம், உண்மையாக. "உங்களுக்கே தெரியலைன்னா பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன். அப்புறம் அன்றைக்கு வகுப்பில் நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

உங்கள் ஆள் குறுக்கே புகுந்தார். "டீச்சர் பக்கத்துல நடந்த சின்னக் கவனக்குறைவு..."

"என் கவனம் எங்கேயும் போகலை. வெட்டினது நீங்க. நீங்க வெட்டினதை நான் போட்ட தப்புன்னு எழுதினா, அந்தத் தாளை இதே ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுவேன்" என்றேன்.

தலைமையாசிரியைக்கு முகம் கறுத்துவிட்டது. "இதை முன்னாடியே என்கிட்ட தனியா சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "தனியா சொன்னா தனியாவே முடிஞ்சிருக்கும் மேடம்" என்றேன். இந்த வருஷம் எனக்கு நல்ல வகுப்பு நேரம் எதுவும் கிடைக்காது. போகட்டும்.

நான் ஓட்டுப் போடவில்லை. நாத்தனார் கம்பெனிக்கு ஆதரவாகவும் வேண்டாம், எதிராகவும் வேண்டாம் என்று எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டேன். மற்றவர்கள் அழுமூஞ்சித் தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகள் பேசுகிற இடத்தை யாரும் வெட்டக்கூடாது என்று அறிவியல் சாரே ஒரு நிபந்தனையும் போட்டாராம். நம்ப முடிகிறதா?

உன் நாற்காலி போயிருக்கும். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் செய்ததற்கு வருத்தப்படவில்லை. நாளைக்கே மறுபடி செய்வேன். வேறு எவளாவது விற்றிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடித்திருப்பேன். நீ என்பதால்தான் இவ்வளவு சண்டை.

சாக்பீஸ்

ஆகஸ்ட் 25

ரேடியோ,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் அண்ணன் பிறந்தநாளுக்கும் போன் இல்லை. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றினார், பார்க்கப் பாவமாக இருந்தது. என் மேல் இருக்கிற கோபத்தை அவர் மேல் காட்டாதே.

புதுப் பெண் இப்போது நான் சரியாக எழுதுவதையும் நம்புவதில்லை. தானே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல். அறிவிப்பு போனதா? அதில் என்ன எழுதியிருக்கிறது? பழியை என் மேல் போட்டிருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் நானே எழுதுவேன், கை வலித்தாலும் சரி. இதற்குப் பதில் சொல்லிவிட்டு, வேண்டுமென்றால் காலம் முழுக்கப் பேசாமல் இரு.

சாக்பீஸ்

செப்டம்பர் 6

சாக்பீஸ்,

அண்ணி என்று கூப்பிட மனசு வரவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். காட்டப் போகிறேன் என்று என்னிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. மேலிடத்தில் எல்லோர் முன்னாலும் முழித்துக்கொண்டு நின்றேன்டி.

அறிவிப்பு எழுதும் வேலை என் தலையில்தான் விழுந்தது. வாக்கியத்தை அவர்களே கொடுத்துவிட்டார்கள், நான் அடித்தால் போதும். அடித்தேன். ஆசிரியரின் கவனக்குறைவு. படித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வகுப்பறையில் நானும்தானே இருந்தேன்? அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்:

"அந்தத் தப்பு ஆசிரியர் வேண்டுமென்றே போட்டது. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைகளை வெட்டியது நாங்கள். பாதியும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. உங்கள் வகுப்பில் சொல்லிவிடுங்கள்."

கீழே என் பெயரைப் போட்டேன். வீடியோ போன எல்லாப் பள்ளிக்கும் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் கூப்பிட்டார்கள்.

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றேன்.

என் லாகினை நிறுத்திவிட்டார்கள். ஆக, ஸ்டூலும் போய்விட்டது.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக் குளிர்ந்துவிடாதே. உனக்காக இல்லை. உன் மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது, அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். சண்டை போடத்தான் வருகிறேன். அண்ணனை எங்கேயாவது அனுப்பிவிடு, நடுவில் புகுந்து சமாதானம் பேசிக் கெடுத்துவிடுவான். எனக்கும் சேர்த்துச் சமைத்து வை. சண்டை சாயங்காலம்வரை போகும்.

ரேடியோ