எந்த மெஷினை நம்புவது, மச்சான்?

மச்சான்,

இன்று காலை மரம் அறுக்கப் புது செயின்சா வாங்கலாம் என்று பொன்னேரிக்குப் போயிருந்தேன். கடைக்காரர் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று ஆரஞ்சு. இரண்டும் நம் தொழிலுக்கு ஏற்ற நடுத்தர அளவு. சவுக்கையும் அறுக்கும், சாய்ந்த புளியமரத்தையும் அறுக்கும். இரண்டும் ஒரே இழுப்பில் கிளம்பின. ஆயில் கலந்த பெட்ரோல் புகை மூக்கில் ஏறியதும் என் தோளுக்குப் பின்னால் நீ நின்று முணுமுணுப்பதுபோல் இருந்தது. "கடையில எல்லாம் நல்ல புள்ளதான் மச்சான்."

"எது அதிகம் மக்கர் பண்ணாது?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும் இதுவரைக்கும் கம்ப்ளெய்ன்ட்டே வர்ல சார்," என்றார்.

இரண்டையும் ஒரே வாயால் புகழ்கிறவரை நீ எப்படிப் பார்ப்பாயோ அப்படித்தான் நானும் பார்த்தேன். ஒரு கட்டையில் வைத்துச் சூடேறும்வரை ஓட்டச் சொன்னேன். நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி இழுக்கச் சொன்னேன். சிவப்பு கிளம்பியது. ஆரஞ்சு இருமிக்கொண்டே இருந்தது. "புதுசு சார், ஓட ஓட செட் ஆயிடும்," என்று சிரித்தார். ஆரஞ்சு வேண்டாம் என்றேன். சிவப்பையும் வாங்கவில்லை. அது ஏன் அவ்வளவு சுலபமாகக் கிளம்பியது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசனை. என்னை எப்படி ஆக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், பார்.

என் தங்கையைக் கட்டிக்கொண்டு சுண்ணாம்புக்குளத்திலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்கே வந்துவிட்டவன் நீ. இரண்டு பேருமே வலை வீசுகிற வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மரம் அறுக்கக் கூப்பிடுகிறவர்கள் கூடிக்கொண்டே போனதால் ஆளுக்கொரு மெஷின் வாங்கினோம். உன்னுடையது ஒரு கம்பெனி, என்னுடையது வேறு. எது உழைக்கும் என்கிற வழக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நீ வாய்ச்சண்டை போடமாட்டாய்; சோதித்துப் பார்ப்பாய். ஒரே சவுக்குக் கட்டையை நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி உனக்கு, மறுபாதி எனக்கு என்பாய். என் மெஷின் முந்தினால் செயினைக் கழற்றி மாற்றிப் போடுவாய். "முந்துறது மெஷினா, செயினானு தெரியணும்ல." உப்புக்காற்றும் மரத்தூளும் சேர்ந்து ஏர் ஃபில்டரை அடைத்துவிடும் ஊர் இது. சாயங்காலம் இரண்டு ஃபில்டரையும் வெயில் பக்கம் தூக்கிப் பிடித்து, எதில் வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பாய். என்னுடையதில்தான் தெரியும். உடனே, "நீ நடுவுல தொடச்சிட்டியா?" என்பாய்.

அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டேன். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

புயல் ஓய்ந்த காலையில் திருப்பாலைவனம் சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் ஷேர் ஆட்டோவின் மேல் விழுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மற்றவர்களை இழுத்து எடுத்துவிட்டார்கள். நம் குப்பத்துக் கருவாட்டுக்கார அக்காவின் கால் மட்டும் நசுங்கிய கம்பிக்கு அடியில் மாட்டியிருந்தது. மேலே பெருங்கிளை. நம் இருவருக்கும் பொதுவான கேனிலிருந்து உன் மெஷினில் புதிதாக பெட்ரோல் ஊற்றி இழுத்தாய். இழுத்து இழுத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. என்னுடையது டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலில் கிளம்பி அறுக்கத் தொடங்கியது. நீ கயிற்றை விட்டுவிட்டு என்னையே பார்த்தாய்.

"நேத்து கேன கொட்டகைலேர்ந்து எடுத்தாந்தது நீதான? அதுல இன்னா ஊத்துன?"

ஊரே நின்று கேட்டது. நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். பாதிக் கிளையில் என் டாங்க் காலியானது. அதே கேனிலிருந்து ஊற்றினேன். கொஞ்சம் ஓடி அதுவும் நின்றுவிட்டது. நீ அப்போதும் விடவில்லை. "உன்னுதும் நின்னுட்டா நீ பண்ணலனு ஆயிடுமா?"

மரத்துக்கு அடியிலிருந்து அக்காதான் கத்தினாள். "சண்டைய அப்பறம் போடுங்கடா. மொதல்ல என் கால எடுங்க."

கோடாலி, கைரம்பம், லாரி ஜாக்கி என்று கிடைத்ததையெல்லாம் வைத்துத்தான் அவளை எடுத்தோம். கால் பிழைத்தது. நம் பேச்சு நின்றது. தங்கை இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோனாள். "அவர் பெட்ரோல் பங்க்கையும் சந்தேகப்படறாரு, மெக்கானிக்கையும் சந்தேகப்படறாரு. உன்ன மட்டும் எப்படி விடுவாரு?" என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு ஆறவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஒரு கண்ணாடி பாட்டிலோடு நீயே வந்தாய். கேனில் மிச்சமிருந்ததை அதில் ஊற்றி வைத்திருந்தாய். மேலே பெட்ரோல், அடியில் கலங்கலாகத் தண்ணீர், நடுவில் கோடு கிழித்தாற்போல். மழை நாளெல்லாம் ஏரிக்கரைக் கொட்டகையில் பாதிக் கேனாகக் கிடந்து ஈரத்தைக் குடித்திருக்கிறது. இரண்டு கார்புரேட்டரையும் நீயே பிரித்துப் பார்த்திருக்கிறாய். இரண்டிலும் ஒரே துரு.

"பாரு. தண்ணி. யாரும் ஊத்தல," என்றாய்.

"நீ ஊத்தி எடுத்துனு வர்லனு நான் எப்படி நம்புறது?" என்றேன்.

நீ சிரித்தாய். தங்கை உள்ளே போய் டீ போட்டாள். மெஷின் வழக்கு முடியவில்லை. உன்னுடையது சூட்டிலும் கிளம்பும், என்னுடையது தூசியைத் தாங்கும் என்பதோடு விட்டுவிட்டோம்.

ஆனால் மறுநாளிலிருந்து நீ உன் பாட்டிலில் தனியாக பெட்ரோல் வாங்கினாய். கடைசிவரை அப்படித்தான். நீ நம்பாதது கேனையா, என்னையா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ சொல்லும் பதிலை நான் நம்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பிறகு உனக்கு சிறுநீரகம் கெட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் நீ யாரையும் விட்டுவைக்கவில்லை. "நேத்து வெள்ளையா இருந்துச்சு, இன்னிக்கி இன்னாத்துக்கு மஞ்சளா கீது?" என்று நர்ஸிடம் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாய். தங்கை கொடுத்ததைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து அப்புறம் துப்பினாய். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள். நான் அதே மாத்திரையில் இன்னொன்றை எடுத்து நீட்டினேன். அட்டையைப் பார்ப்பாய், பெயர் கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ வாயைத் திறந்தாய். விழுங்கினாய்.

"இன்னானு பாக்கலயா?" என்றேன்.

"நீதான குடுக்குற," என்றாய்.

கண் பாதி மூடியிருந்தது உனக்கு. அசதியில் சொன்னாயோ, என் வாயை அடைக்கச் சொன்னாயோ, எப்படி வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத ஆளாக என்னை மாற்றிவிட்டுப் போனவன் நீ. அந்தச் சொல்லை மட்டும் நான் பிரிக்கவில்லை, மச்சான். நீ கொடுத்தபடியே வைத்திருக்கிறேன்.