சும்மா விட வேண்டிய இரண்டு வரிசை

கடந்த இரண்டு பருவமும் திராட்சைக் கொடிகளைக் காத்தது உன் கரைசல்தானா? உன் கணவர் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. ஓடைப்பட்டியில் உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் நின்று அவர் ஒரு கேனைத் திறந்தார். வினிகர் வாடை முகத்தில் அடித்தது. நீ இறந்த பிறகு அந்த அறைக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் முறை.

ஆராய்ச்சி மாணவிகளாக இருந்த காலத்தில் நாம் இருவரும் இலைச் செல்லின் சவ்வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சவ்வில் தனித்தனியாக இருக்கும் புரதங்கள், பூஞ்சைச் சுவரின் துணுக்கு ஒன்று வந்து தொட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். உடனே செல்லுக்குள் எச்சரிக்கை பரவும். நம் சோதனையில் அது முதன்முதலாகத் தெரிந்த அன்று நீ துள்ளினாய்.

"இலைக்குத் தெரிஞ்சுபோச்சுடி!"

"தெரிஞ்சதுன்னு எழுதாத. ரெண்டு புரதம் சேந்துச்சு. அம்புட்டுத்தான்."

"போடி. ஒன் கல்யாணத்தையே ரெண்டு தடவ நடத்திப் பாத்தாத்தான் நம்புவ."

நான் தேனியில் கல்லூரி வேலைக்கு வந்தேன். நீ திராட்சைப் பந்தலுக்குப் போனாய். நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொடியை வினிகரில் கரைத்து நான்கு வரிசைக்கு மட்டும் அடித்தாய். பூஞ்சைச் சுவரில் இருக்கும் பொருள்தான் நண்டு ஓட்டிலும் இருக்கிறது; பூஞ்சை வருவதற்கு முன்பே அதன் அடையாளத்தை இலைக்குக் காட்டிவிடுவது உன் யோசனை. இரண்டு பருவமும் அங்கே சாம்பல் நோய் குறைவு என்றாய். "அந்த நாலும் வேலியோரம். நல்லா காத்தடிக்கும், அதனாலகூட இருக்கலாம்" என்றேன் போனில். நீ கோபப்படவில்லை.

"அப்ப அடுத்த பருவம் நீயே வந்து பிரிச்சுக் குடு, எதுக்கு அடிக்கணும், எதச் சும்மா விடணும்னு."

அடுத்த பருவத்துக்கு நீ இல்லை.

பக்கத்துத் தோட்டத்தில் நோய் வந்துவிட்டது என்று உன் கணவர் அழைத்ததால்தான் போனேன்.

"அங்கன எல்லாரும் கந்தகம் அடிச்சுட்டாக. நானும் மத்த வரிசைக்கு அடிச்சுட்டேன். இந்த நாலுக்கு மட்டும் அவ மருந்தப் பத்திரமா வச்சிருக்கேம்மா. நோய் இங்கனயும் வரட்டும், அன்னைக்கே அடிச்சிருவோம்."

"அண்ணே, இது மருந்தே இல்ல. பூஞ்சையக் கொல்லாது. நோய் வந்த பெறகு அடிச்சுப் பிரயோசனம் இல்ல."

அவர் கேனைக் கீழே வைத்தார். "அப்ப வீணாக்கிட்டேனா?"

இருவரும் இலைகளைப் புரட்டிப் பார்த்தோம். சாம்பல் இன்னும் படரவில்லை. நாளைக் காலையிலேயே அடிக்கலாம் என்றேன். ஆனால் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு வரிசைக்கு மட்டும். மற்ற இரண்டையும் சும்மா விட வேண்டும்.

"சும்மா விட்டது போயிருச்சுன்னா?"

"போகட்டும்ணே. அப்பத்தான் அவ சொன்னது நெசமான்னு தெரியும்."

பிஞ்சு பிடித்திருந்த பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

திரும்பும் பஸ்ஸில், நீ சொன்னதே உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். விருப்பம் சான்றாகாது. அதனால்தான் அந்த இரண்டு வரிசை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. உன்னோடு போட்ட வாதத்தை இன்னும் தனியாக நடத்திக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் போன் வந்தது.

"நாலு வரிசைக்கும் அடிச்சுட்டேம்மா. எல்லாம் அவ வச்ச கொடி. ரெண்ட மட்டும் சும்மா விட மனசு வரல. தப்பா?"

இனி ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

"இல்லண்ணே, சரிதான்" என்றேன்.