மூன்று நாள் தண்ணீர்

10 செப்., புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மின்விசிறி ரிப்பேர். வருகிறேன் என்ற ஆள் வரவில்லை.

பேப்பருக்கு முறைத் தண்ணீர் செய்தி அனுப்பினேன். வாய்க்காலில் மூன்று நாள் திறப்பு, பிறகு அடைப்பு. ஆங்கிலத்தில் ‘த்ரீ டேஸ் வாட்டர்’. அபாஸ்ட்ரபி எஸ்ஸுக்குப் பின்னால்.

செய்தியைத் திருத்தும் சென்னை டெஸ்க்கிலிருந்து நிவேதா போன். “சார், அந்த அபாஸ்ட்ரபி எதுக்கு? தூக்கிடட்டா?”

“மூணு நாளுக்கு உரிய தண்ணிம்மா. ஒரு நாள்னா எஸ்ஸுக்கு முன்னாடி, பல நாள்னா பின்னாடி.”

“ஓகே சார்.”

அந்த ஓகேயில் நம்பிக்கை இல்லை.

11 செப்., வியாழன்

பேப்பரில் அபாஸ்ட்ரபி குறி இல்லை. காபி இறங்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து பஸ். திருவாரூர் தாண்டி, வாய்க்கால் முடியும் கடைமடை. விவசாயி தேவசகாயத்தின் குத்தகை நிலம். நாற்றங்கால் பாளமாக வெடிப்பு. இந்த முறை தவறினால் நாற்று போச்சு. மறுபடி விட விதை இல்லை.

திறந்து மூன்றாம் நாள் இன்று. தண்ணீர் இன்னும் ஊருக்கு முந்தைய பாலத்தைத் தாண்டவில்லை. தலை மதகைத் தூக்கியதுமே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடும்.

மதகைத் திறந்து மூடும் வாய்க்கால் லஸ்கர் பைக்கை நிறுத்தாமலே: “மூணு நாளுன்னு ஆர்டருங்க. சாயங்காலம் மதகை எறக்கணும்.”

தேவசகாயம் மனைவி எஸ்தர்: “மூணு நாள் தண்ணி விட்டாச்சுன்னு பேப்பர்லயே வந்துடுச்சாம். ஆபீஸ்ல அதைத்தான் எடுத்துக் காட்டுறாங்க. எந்தப் புண்ணியவான் எழுதுனானோ.”

நான்தான் என்றேன். டீ கொடுத்தார்.

12 செப்., வெள்ளி

லேசான தூறல், மண் நனையவில்லை. மின்விசிறி ஆள் இன்றும் இல்லை.

டெஸ்க்குக்குப் போன். மூன்று நாள் என்பது மேல்மடைக்கு மட்டும்தான், திருத்தம் போட வேண்டும் என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை நிவேதா.

“போட்டாச்சு சார்! ஆன்லைன்ல அபாஸ்ட்ரபி சேர்த்துட்டேன். இப்ப கரெக்டா?”

குறி கரெக்ட். தண்ணீர்தான் பொய். விளக்கினேன். “புதுச் செய்தியா அனுப்புங்க சார், பார்க்கலாம்.”

சாயங்காலம் தேவசகாயம் கூப்பிட்டார். “மதகை எறக்குன பிறகு வாய்க்கால்ல நின்ன தண்ணி ராத்திரி வந்துச்சுங்க. விடியறதுக்குள்ள வடிஞ்சிடுச்சு.”

“நாத்து?”

“வாய்க்கால் ஓரம் பிழைச்சுக்கும். மேட்டுப் பக்கம் போச்சு.” பிறகு, “இதை எத்தனை நாள் தண்ணின்னு போடுவீங்க?”

‘ஒன் நைட்ஸ் வாட்டர்.’ குறி எஸ்ஸுக்கு முன்னால். அனுப்பிவிட்டேன்.